கஸ்பார் வீட்டுச் சுவரோரம்

செப்டம்பர் 1, திங்கள்

காற்று தென்மேற்கு. கடல் கலங்கல். கப்பலை விட்டு இறங்கி ஆறு வருடம் ஆகியும் நாளின் முதல் வரியாகக் காற்றைத்தான் எழுத வருகிறது. தளத்து ஆட்களுக்கு மேலாளாக, செராங்காக, பாதி ஆயுள் கழித்தவனுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்.

இன்று இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. மூன்று மாடி லாட்ஜ், அதற்கடியில் நிலவறை. சரக்கு வைக்க நிலவறையை வாடகைக்குக் கேட்டு துறைமுகத்து ஆள் ஒருவர் இப்போதே அலைகிறார். இடம் ரெஜினாவுக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. மறுபாதி அவள் தம்பி கஸ்பாருக்கு. அவன் கீழே பிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடையும் பிள்ளைகளுக்கு ஓர் அறையும், மேலே வீடுமாகக் கட்டிக் குடியிருக்கிறான். எங்கள் பாதி இத்தனை காலம் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. நாங்கள் எதிர்ச்சாரியில் வாடகைக்கு இருக்கிறோம்.

இன்ஜினியர் ஹரிகிருஷ்ணன் சின்னப் பையன்தான். கோட்டைப் பார்த்ததும் கஸ்பார் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிப் போடச் சொன்னான்.

"சார், இது மணல் தரை. அவங்க அஸ்திவாரம் நாலடிதான் இருக்கும். நாம பத்தடி போறோம். முதல்ல அவங்களுக்கு எழுத்துல சொல்லணும். அப்புறம் சவுக்குக் கம்பால முட்டும் பலகையும் குடுத்து, துண்டு துண்டாத்தான் தோண்டணும். ஒரேயடியா வாரிட்டா அவங்க மண்ணு நம்ம குழிக்குள்ள வந்துரும்."

ஐந்தடி தள்ளினால் மாடிக்கு மூன்று அறை போயிற்று. கோட்டை அழித்து, சுவரை ஒட்டியே போடச் சொன்னேன்.

செப்டம்பர் 3

இன்ஜினியரை நிறுத்திவிட்டேன். முட்டு கொடுக்காத வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டானாம். சட்டையைப் பிடித்துக் கொஞ்சம் உலுக்கினேன், அவ்வளவுதான். இரண்டு பொத்தான் தெறித்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டு போனான். இனிக் கொத்தனார் பண்டாரம் போதும்.

செப்டம்பர் 8

பொக்லைன் வந்தது. ஓட்டுகிறவன் இசக்கிராஜா. நல்ல கை. மதியத்துக்குள் மூன்றடி இறங்கிவிட்டான். மணல் சர்க்கரை மாதிரி வருகிறது.

ரெஜினா ஆட்களுக்கு மோர் கொண்டுவந்தாள். "தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஆரம்பிச்சிருக்கலாம்லா" என்றாள். பண்டாரமும் ஆட்களும் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள். அவர்கள் முன்னால் நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொண்டோம்.

செப்டம்பர் 9

ரெஜினா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது கண் மூடிப்போயிருக்கிறது. ஐஸ் வைத்தேன். தரையெல்லாம் பாசி, பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும்.

கம்பி வந்து இறங்கியது.

செப்டம்பர் 12, வெள்ளி

முதுகு எரிகிறது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் ஆறடி தாண்டியது. கஸ்பார் பல் துலக்கின வாயோடு ஓடி வந்தான்.

"அத்தான், ஒரு நிமிசம் வந்து பாருங்க. கடைச் சுவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் கீறல் விட்டிருக்கு. வெரலு போவுது."

"ஒன் சுவரு அப்பிடி. கட்டுனவன்ட்ட போய்க் கேளு."

"நேத்து வரைக்கும் இல்ல அத்தான். முட்டாவது குடுங்க. பலகை எங்கிட்ட கெடக்கு, நானே கொண்டாரேன். பின் ரூம்புலதான் பிள்ளைய படுக்கு."

நான் இசக்கிராஜாவைப் பார்த்து, நீ வாருடா என்றேன். கஸ்பார் குழிக்குள் குதித்து பொக்லைன் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டான். இசக்கிராஜா இயந்திரத்தை அணைத்துவிட்டான். என் இடத்தில், என் ஆட்கள் முன்னால். நானும் இறங்கினேன்.

அவன்தான் முதலில் என் தோளைத் தொட்டான். தொட்டதாகத்தான் ஞாபகம். நான் ஒருமுறை அடித்தேன். மூக்குத்தண்டு உடைகிற சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். விரலிடுக்கு வழியாக ரத்தம் மணலில் விழுந்து விழுந்து உருண்டது. எழுந்திருக்கப் பார்த்தான். விலாவில் ஒரு உதை கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டேன். யாரும் பிடித்து இழுக்கவில்லை, நானாகத்தான் விட்டேன்.

அப்போதுதான் அவன் பெண்டாட்டி எமில்டா மாடியிலிருந்து வடிகஞ்சியை ஊற்றினாள். அடுப்பிலிருந்து இறக்கின கொதி. சட்டையோடு தோல் வந்துவிட்டது.

"எங்க மைனிய அடிக்க மாதிரி ஊரெல்லாம் அடிக்கலாம்னு பாக்கியா? இங்க அது நடக்காதுல!" என்று கத்தினாள். தெருவே கேட்டது. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள். அவள் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

செப்டம்பர் 13

பெரியாஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டினார்கள். ரெஜினா களிம்பு தடவினாள். வலிக்காமல் தடவத் தெரியும் அவளுக்கு.

செப்டம்பர் 16

வக்கீல் நோட்டீஸ் வந்தது. கஸ்பார் அனுப்பியிருக்கிறான், அக்கா பெயருக்கு. முன்னறிவிப்புக் கொடுக்காமல், இடைவெளி விடாமல், தாங்கல் அமைக்காமல் தோண்டியதால் சுவர் விரிந்துவிட்டது. உடனே நிறுத்த வேண்டும், சுவரைத் தாங்கிப்பிடிக்க வேண்டும், சேதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு பக்கம்.

எடுத்துக்கொண்டு நம் வக்கீல் திருமலைக்கொழுந்து வீட்டுக்குப் போனேன். வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அவுக வீடு கட்டி எத்தன வருசம் ஆச்சு?"

"பதினெட்டு."

"அப்ப ஒரு சங்கதி உமக்குச் சாதகம்வே. பக்கத்து எடத்து மண்ணு என் கட்டடத்தத் தாங்கணும்னு ஒருத்தர் உரிமை கேக்கணும்னா, இருபது வருசம் தடையில்லாம அதை அனுபவிச்சிருக்கணும். அவருக்கு அது இன்னும் வரல."

எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"இரும்வே, முழுசாக் கேளும். அது கட்டடத்துக்கு உள்ள கணக்கு. வெறும் மண்ணு இருக்குல்லா, அது சரியாம நிக்கதுக்கு அவருக்கு எப்பவும் உரிமை உண்டு. அதுக்கு வருசக் கணக்கு கெடையாது. பொறவு, சுவரு நிக்காதுன்னு தெரிஞ்சும் சொல்லாம கொள்ளாம, முட்டு குடுக்காம தோண்டுனீருன்னா அது கவனக்கொறவு. கேஸு நிக்கும். ஆளு கீளு செத்தா போலீஸ் கேஸாயிரும். நோட்டீஸு வந்தாச்சு, இனிமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, எடம் உம்ம பேருல இல்ல. கோர்ட்டுல நிக்கப்போறது உம்ம வீட்டம்மாவாக்கும்."

திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. பதினெட்டு வருடம்தான். சட்டம் நம் பக்கம். வழியில் அரைக் கிலோ ஊளி மீன் வாங்கினேன்.

செப்டம்பர் 19

தலையில் தையல். வலது காதில் இரைச்சல்.

கஸ்பார் கடையில் வேலை பார்க்கும் ஆட்கள் காலையிலேயே வந்து பொக்லைனின் எண்ணெய்க் குழாயை அறுத்துவிட்டார்கள். இசக்கிராஜா தடுக்கப் போக, அவன் வாயில் ஸ்பேனரால் போட்டார்கள். முன்பல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் சாரக் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் சிக்கியவனின் முழங்காலில் அடித்தேன். அவன் எண்ணெயும் மணலுமாக, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே போனான். அவனை இன்னொரு அடி அடிக்கக் குனிந்தபோது செங்கல் வந்து விழுந்தது. எங்கிருந்து என்று தெரியாது. சந்தேகம் எமில்டா மேல்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு பக்கமும் எழுதி வாங்கினார். "மாமன் மச்சான் சண்டைக்கெல்லாம் ஸ்டேஷன் எதுக்குங்க? குடும்ப விஷயம். உக்காந்து பேசித் தீர்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான ஆள்.

செப்டம்பர் 20

மகள் தோஹாவிலிருந்து பேசினாள். என் தலைக்காயத்தைச் சொன்னேன். "அம்மாட்ட குடுங்கப்பா" என்றாள். ரெஜினா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். கீழே வர ரொம்ப நேரம் ஆயிற்று.

குழாய் மாற்றியாயிற்று. எட்டரை அடி.

செப்டம்பர் 24

கோர்ட் அமீனா வந்தார். தடை உத்தரவு. இடம் இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும், மறு உத்தரவு வரும்வரை ஒரு சட்டி மண்கூட எடுக்கக் கூடாது. சுவருக்குத் தாங்கல் கொடுக்க மட்டும் அனுமதி.

வாங்காதே என்றேன். ரெஜினா கதவைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"எம் பேருக்குத்தான வந்திருக்கு. நாந்தான வாங்கணும்."

கையெழுத்துப் போட்டு வாங்கினாள். போகவிடாமல் அவரை நிறுத்தி, "நான் தோண்டச் சொல்லல சார். முட்டு குடுக்கதுக்கு எனக்குச் சம்மதம். இத எங்க எழுதணும்?" என்று கேட்டாள். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வக்கீலிடம் போய்ச் சொல்லுங்கம்மா என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கதவைச் சாத்தினேன்.

செப்டம்பர் 25

ரெஜினா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கை முறிந்திருக்கிறது என்று தெருவில் பேச்சு. படியேறும்போது எப்போதும் சேலையை மிதிக்கிறவள்தான்.

செப்டம்பர் 27

சோறு அடிப்பிடித்துவிட்டது. உப்பு டப்பா எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

காற்று திரும்புகிறது. வடகிழக்கில் கருக்கல். இந்த வருடம் மழை முந்தும் போலிருக்கிறது. குழியில் தண்ணீர் நின்றால் இதுவரை செய்தது வீண். அதற்குள் அடித்தளம் போட்டாக வேண்டும். பண்டாரம் கையை எடுத்துக் கும்பிட்டான். "கோர்ட்டு தடை இருக்குய்யா. நான் பிள்ளகுட்டிக்காரன்." இசக்கிராஜா போனை எடுக்கவில்லை. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வேறொரு வண்டிக்காரனைப் பிடித்தேன். அவனுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டு மணிப் பூசை. தெரு காலி. கஸ்பார் வீட்டில் பூட்டு தொங்குகிறது. ஆரம்பிக்கிறேன்.

அக்டோபர் 6

ஆஸ்பத்திரி. இந்த வார்டில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

வண்டி மேலே நின்றது. கஸ்பார் சுவர் மூலையை வாளியால் சதுரமாக எடுக்க முடியவில்லை. அதனால் மண்வெட்டியோடு நானே இறங்கினேன். அவன் அஸ்திவாரத்தின் அடிக்கல் என் நெற்றிக்கு மேலே தெரிந்தது. அதற்குக் கீழே மணல்தான், வேறெதுவும் இல்லை. வெட்டினேன். நேராக நின்றது. பார், நிற்கிறது என்று நினைத்தேன்.

முதலில் பிடரியில் கொஞ்சம் மணல் உதிர்ந்தது. துடைத்துக்கொண்டேன். அடுத்து வந்தது சத்தமே இல்லாமல் வந்தது. கால் இருந்த இடத்திலிருந்து காலை எடுக்க முடியவில்லை. பிறகு இடுப்பு. பிறகு அடிக்கல் ஒன்று சரிந்து வந்து வலது கால்மேல் உட்கார்ந்தது. நெஞ்சுவரை மணல். மூச்சை வெளியே விட்டால் அந்த இடத்துக்கு மணல் வந்துவிடுகிறது. மறுபடி இழுக்க இடம் இல்லை. வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். "ஐயோ சாமி" என்றான். பிறகு அவன் ஓடுகிற சத்தம்.

அண்ணாந்து பார்த்தால் கஸ்பார் வீட்டின் பின்னறை திறந்து கிடந்தது. பிள்ளைகள் படுக்கிற கட்டிலின் ஒரு கால் காற்றில் நின்றது. கொசுவலை ஆடிக்கொண்டிருந்தது. மிச்சச் சுவர் அதற்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

பூசை முடிந்து வந்தார்கள். எமில்டாவின் அலறல்தான் முதலில் கேட்டது. கட்டிலைப் பார்த்து அலறினாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்கள்.

கஸ்பார் கோவில் வேட்டியோடு, கையில் மண்வெட்டியோடு, குழி விளிம்பில் நின்றான். மூக்கில் இன்னும் பிளாஸ்திரி.

"விடுங்க. மூடட்டும்" என்றாள் எமில்டா. "நம்ம பிள்ளைய படுத்திருந்தா இந்நேரம் பொணம். விடுங்கங்கேன்."

அவன் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, இறங்கக் காலை வைத்தான்.

அப்போது ரெஜினா வந்து அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். மாவுக்கட்டு போட்ட கை கழுத்தில் தொங்கியது. மறு கையால் இழுத்தாள்.

"எறங்காத."

"அக்கா, சாவப்போறாரு."

"முட்டு குடுக்காம ஒருத்தனும் எறங்கக் கூடாது. அந்தச் சுவரு ஒன் தலையிலதான் விழும். ஓடு, கோவில்ல பந்தல் சவுக்கு கெடக்கு. பலகையும் கொண்டா."

நான் கத்தினேன். கத்தக் கத்த மணல் இறுகியது. ஏட்டி, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்றேன். எந்தெந்தத் துறைமுகத்தில் என்னென்ன கற்றேனோ அத்தனை வார்த்தையும் அவளைச் சொன்னேன். தெரு முழுக்க விளிம்பில் நின்று கேட்டது. ஆட்கள் சவுக்கைத் தூக்கி வந்தார்கள். "இத மேல குடு. அத சாச்சு வை. பலகைய ஒட்டி வை. இன்னொரு கம்பு" என்று அவள் அவர்களிடம் மட்டும் பேசினாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பாதியில் எனக்குக் குரல் போய்விட்டது. கண்ணுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பறந்தன.

கடைசிச் சவுக்கை அடித்து இறுக்கிவிட்டு கஸ்பார் இறங்கினான். அவன் கால் அடி மண்ணில் படவும் மிச்சச் சுவர் பெயர்ந்து வந்தது. பலகையில் மோதியது. சவுக்குகள் முனகி வளைந்தன. நின்றன. அவன் தலைக்கு மேலே ஒரு முழத்தில் செங்கல் அத்தனையும் நின்றது. ரெஜினா சொன்னதைக் கேட்காமல் முன்பே இறங்கியிருந்தால் அங்கே இரண்டு பேர் செத்திருப்போம்.

மண்வெட்டி என் கழுத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கஸ்பார் அதைப் போட்டுவிட்டுக் கையாலேயே மணலை அள்ளினான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"இழுத்து மூச்சு விடாதீய அத்தான். மெல்ல, மெல்ல" என்றான்.

அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுதப்போவதில்லை.

அக்டோபர் 8

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 10

அதே சப்-இன்ஸ்பெக்டர். கூட ஒரு போலீஸ்காரம்மா. ரெஜினா கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார். "இடம் என் பெயரில் உள்ளது. தோண்ட நான் சம்மதிக்கவில்லை. கோர்ட் உத்தரவை நானே வாங்கி அவரிடம் வாசித்துக் காட்டினேன். அன்று என் இடது கையை முறுக்கி முறித்தார். அதற்கு முன்பும் அடித்திருக்கிறார். கல்யாணமான வருடத்திலிருந்து."

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"குடும்ப விஷயம் சார்."

அவர் தாளை மடித்தார். "நாங்களும் அப்படித்தாங்க சொல்லிட்டு இருந்தோம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கட்டில் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 13

இரவெல்லாம் மழை. இல்லாத கால் அரிக்கிறது.

கஸ்பார் வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை. கோர்ட்டில் அக்கா ஒப்புக்கொண்டாளாம். குழியைப் படிப்படியாக மூடித் தாங்கு சுவர் எழுப்பவும், அவன் பின்னறையைக் கட்டிக்கொடுக்கவும் அவளே பொறுப்பு. முதல் லாரி மண் வந்துவிட்டதாம். இன்ஜினியர் ஹரிகிருஷ்ணன்தான் நின்று பார்க்கிறானாம்.

"அப்ப லாட்ஜு?" என்றேன்.

"லாட்ஜெல்லாம் கெடையாது அத்தான்."

"எம்மேல கேஸு குடுத்திருக்கா. நீ ஒரு வார்த்த சொல்லுல. நீ சொன்னா கேப்பா."

அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. "நான் சொல்லமாட்டேன்" என்றான். "அக்கா கல்யாணத்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. ஒங்க வீட்டுக்கு லீவுக்கு வந்தேம்லா. அப்பவே சத்தம் கேக்கும். நான் போர்வைய இழுத்து மூடிக்கிடுவேன்."

கான்ஸ்டபிளுக்குக் கேட்டுவிட்டது.

அக்டோபர் 17

காலையிலிருந்து நாக்கு ஒட்டுகிறது. நர்சு இந்தப் பக்கம் வரவே இல்லை. தண்ணீர் ஜாடி எட்டாத தூரத்தில் இருந்தது.

பார்வையாளர் நேரத்தில் ரெஜினா வந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை. நீல வாயில் சேலை. கையில் இன்னும் மாவுக்கட்டு. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போர்வைக்கு அடியில் ஒரு கால் மட்டும் பாதியிலேயே முடிகிற இடத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மக அடுத்த வாரம் வாரா. நான் இனிமே ஒங்க கூட இருக்கமாட்டேன். ஆள் மூலமா சொல்லி அனுப்பவேண்டாம், நேர்ல சொல்லிருவோம்னுதான் வந்தேன்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. தொண்டை அப்படிக் காய்ந்திருந்தது. ஜாடியைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

அவள் பின்னுக்குத் துள்ளினாள். பக்கத்துக் கட்டிலில் முதுகு மோதியது. மாவுக்கட்டுக் கை மேலே எழுந்து முகத்தை மறைத்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நான் படுத்துக்கிடக்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம். எனக்கு எழுந்திருக்கக் காலும் இல்லை.

வார்டில் பேச்சு நின்றுவிட்டது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்தினாள். கான்ஸ்டபிள் எழுந்து நின்றான். எல்லோரும் முதலில் அவளைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையை இறக்கினாள். ஜாடியிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் வரவில்லை. என் கை எட்டுகிற தூரத்தில், மேசை விளிம்பில் அதை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் தண்ணீர் கேட்கத்தான் கையைத் தூக்கினேன்.